பனிக்குடம் உடைந்தது தொடர்பாக

வியாழக்கிழமை பிற்பகல் மூன்றேகால் மணிக்கு ஆரியசாலையில் வற்றல் மண்டி மாடியில் இருந்தவர்கள் ஆறு பேர், வயிற்றுக்குள் இருந்ததைச் சேர்க்காமல்.

ஜன்னலோரம் மேசைக்குப் பின்னால், கைவைத்த நாற்காலியில் பகவதிப்பெருமாள் அண்ணாச்சி. ஒரு அரசு ஆபீஸின் தபால் பிரிவில் முப்பத்தொரு வருஷம் இருந்துவிட்டு வந்தவர். மலையாள ஊருக்குள் இருக்கும் அந்தத் தமிழ்ச் சந்துக்கு வரும் போகும் கடிதமெல்லாம் அவர் கையெழுத்துத்தான். அவருக்கு வலப்பக்கம் ஒரு மல்லி மூட்டையில் அவர் மனைவி உலகம்மை, கமிட்டித் தலைவி. அடுத்த மல்லி மூட்டையில் மடித்துப் போட்ட ஜமுக்காளத்தின் மேல் ஸ்ரீப்ரியா. அவள் உட்கார்ந்திருந்தாள் என்பதைவிடச் சாத்தி வைக்கப்பட்டிருந்தாள் என்பதே சரி, முப்பத்தெட்டு வாரம். படிக்கட்டின் மேல்படியில், உள்ளே வந்தால் தும்மல் வரும் என்ற சாக்கில், சமீபத்தில் பிள்ளை பெற்ற மீராவின் கணவன் வெங்கிடேஷ். கதவருகே பிளாஸ்டிக் நாற்காலியில் சுகாதார ஆபீஸிலிருந்து ஒரு நோட்டீஸோடு வந்த ஷாஜி. அறைக்கு நடுவில் மிளகாய் மூட்டையின் மேல் காலை மடக்கிக்கொண்டு கௌசல்யா. மிளகாய் மூட்டையில் தும்மாமல் உட்காரக்கூடியவள் அந்த வட்டாரத்திலேயே அவள் ஒருத்திதான்.

கமிட்டியின் முழுப்பெயர் மகப்பேறு நலக் குழு. சந்தில் அப்படிச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் வழி தெரியாது. வயிற்றுக் கமிட்டி என்று கேட்டால் சாலைக் கடைத்தெருவில் மூட்டை தூக்கும் சுமட்டுக்காரர்கூடக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து மாடிப்படியில் விடுவார். வியாழக்கிழமை மதியத்துக்கு மேல் மண்டிக்கு லோடு வராது. அதனால் வியாழன்தோறும் எட்டாம் மாதக்காரிகள் இங்கே கூடுவார்கள். யாருக்குக் கால் வீங்கியிருக்கிறது, யார் இரும்பு மாத்திரையைப் பூந்தொட்டியில் போடுகிறாள், யார் வீட்டு வாசலுக்கு ஆட்டோ வராது, ஆஸ்பத்திரிக்கு யார் கூடப்போவது எல்லாம் இங்கேதான் முடிவாகும்.

கௌசல்யா மருத்துவச்சி. நாற்பத்தொன்பது வயது. தோவாளைப் பக்கத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். மாமியார் செய்த தொழிலையே கையில் எடுத்துக்கொண்டு அதற்கு ஒரு ஸ்கூட்டரும் வாங்கியவள். காலையில் மூன்று வீடு. பிள்ளை பெற்றவளுக்கு எண்ணெய் தேய்த்து, மூலிகை போட்டுக் காய்ச்சிய வேதுத் தண்ணீரில் குளிப்பாட்டி, வயிற்றைக் கட்டிவிட்டு, பிள்ளையையும் குளிப்பாட்டிவிட்டு வருவாள். பதினோராவது மாடி ஃபிளாட்டில் கம்ப்யூட்டர்காரிக்கும் அவள்தான், விழிஞ்ஞத்தில் மீன்காரிக்கும் அவள்தான். பிரசவத்தை மட்டும் வீட்டில் வைத்துக்கொள்ள மாட்டாள். "ரத்தம் நிக்கலேன்னா என் கையில இருக்கிறது எண்ணெய்க்குப்பிதான். ஆஸ்பத்திரிக்கு நடங்கடி" என்று விரட்டிவிடுவாள். விரட்டிவிட்டுக் கூடவே போவாள்.

அப்படிப் போவதற்கு ஒரு பாஸ் இருந்தது. பதினொரு கடிதம் போட்டு, கமிட்டி இரண்டு வருஷம் முன்னால் வாங்கியது. 'பிறப்புத் துணை' என்று போட்டு, கௌசல்யாவின் போட்டோவை ஒட்டி, கண்ணாடித்தாள் மூடி, கழுத்தில் மாட்டிக்கொள்ளக் கயிறும் வைத்துக் கொடுத்தார்கள். போட்டோவில் அவளைப் பார்த்தால் ஏதோ கொலைக் கேஸில் தேடப்படுகிறவள் போல இருக்கும். ஆனால் அதைக் காட்டினால் பெண்கள் ஆஸ்பத்திரியின் பிரசவ அறைக்குள் விடுவார்கள். உள்ளே போய் அவள் ஒன்றும் பெரிதாகச் செய்வதில்லை. தலைமாட்டில் நிற்பாள். இடுப்பைத் தேய்த்துக் கொடுப்பாள். அட்டெண்டர் யாராவது வாயைத் திறந்தால் ஒரு பார்வை பார்ப்பாள். போட்டோவில் இருக்கும் அதே பார்வை.

அந்தப் பாஸைத்தான் ரத்து செய்யப்போவதாக இப்போது நோட்டீஸ் வந்திருந்தது.

அண்ணாச்சி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மூன்றாவது முறையாக வாசித்தார். பெண்கள் தெருவெல்லாம் அடுப்பு வைத்து அம்மனுக்குப் பொங்கலிடும் பொங்காலை அன்று மீராவுக்கு வீட்டிலேயே பிரசவம் நடந்தது. அதைக் கௌசல்யா எடுத்தாள். பாஸின் நாலாவது நிபந்தனைப்படி வெளியே பிரசவம் எடுக்கக்கூடாது. தவிர்க்க முடியாமல் போனால் உடனே ஆபீஸுக்குத் தகவல் சொல்ல வேண்டும். அவள் சொல்லவில்லை. ஏழு நாளைக்குள் விளக்கம் வராவிட்டால் பாஸ் ரத்து.

"ஏழு நாளு இருக்கில்லா?" என்றாள் உலகம்மை.

"இருந்துது. தேதி போன வெள்ளிக்கிழமை. கையில கிடைச்சது இன்னைக்கு மத்தியானம். இன்னைக்கு அஞ்சு மணியோட ஏழு நாள் சரி."

எல்லோரும் கதவருகே திரும்பிப் பார்த்தார்கள். ஷாஜி தன் செருப்பைப் பார்த்தான்.

"ஞான் வெயிட் செய்யாம். மறுபடி தந்நால் இப்போ தன்னெ கொண்டுபோகாம்" என்றான் மெதுவாக. பதிலைத் தானே கொண்டுபோவதாக ஒரு சுகாதார ஆபீஸ்காரன் சொல்வது அந்தச் சந்தின் சரித்திரத்தில் முதல்முறை. அதை அப்போது யாரும் கவனிக்கவில்லை.

"ஏய் கௌசல்யாக்கா," என்றாள் ஸ்ரீப்ரியா மூட்டையிலிருந்து. "பாஸ் போச்சுன்னா என் கதை என்ன?"

"உன் கதைக்கு என்ன மோளே. உள்ள போன வழியிலயே வெளிய வரும்."

"சிரிக்காதீங்க. மூத்தவனுக்கு நீங்க இல்லை. வலி தாங்காம கத்தினேன். 'அன்னைக்கு ராத்திரி இனிச்சுதில்ல, இப்ப எதுக்கு வாயைப் பொளக்கிற'ன்னு ஒருத்தி கேட்டா. தொடையில அடிச்சா. இப்பவும் அந்த வாசல்ல போனா எனக்குக் கால் வெட்டி வெட்டி இழுக்கும். நீங்க இல்லேன்னா நான் உள்ள போகமாட்டேன், சொல்லிட்டேன். இங்கேயே பெத்துடுவேன்."

"மிளகாய் மண்டியிலயா? பிள்ளை பிறக்கும்போதே தும்மிக்கிட்டு வரும்" என்றாள் கௌசல்யா. ஆனால் அவள் கை தானாகக் கழுத்துக்குப் போய் அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டது. ஸ்ரீப்ரியா சொன்னால் சொன்னதுதான் என்று அவளுக்குத் தெரியும். முதல் பிரசவத்தில் கிழிந்து தைத்த உடம்பு. இந்தமுறை வீட்டில் வைத்துக்கொண்டால் எண்ணெய்க்குப்பி போதாது.

அண்ணாச்சி முதல் நகலைப் பென்சிலில் எழுதி முடித்திருந்தார். கடிதம் மலையாளத்தில்; கூட்டத்துக்காகத் தமிழில் சொல்லிக்கொண்டே வாசித்தார்.

"'தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்வது என்னவென்றால், மேற்படி கௌசல்யா ஆகிய நான் மலையாள மொழியைச் சரிவர அறியாத, எழுத்தறிவு குறைந்த, ஆதரவற்ற ஒரு ஏழைப் பெண் ஆவேன். அன்றைய தினம் ஏற்பட்ட பதற்றத்தில் அறியாமையினால் தகவலைச் சரியாகத் தெரிவிக்கத் தவறிய பிழையைத் தாங்கள் தாழ்மையுடன்…' இல்லை, 'தாங்கள் கருணையுடன் பொறுத்து…'"

"யாரு அண்ணாச்சி இந்தப் பொம்பளை? கேக்கவே பாவமா இருக்கே" என்றாள் கௌசல்யா.

"நீதான்."

"நானா? ஃபிளாட்டுல வாட்ச்மேனை மலையாளத்துல திட்டினேன்னா அவன் ஊருக்குப் போன் போட்டு அம்மாகிட்ட அழுறான். எனக்கா மலையாளம் தெரியாது?"

"எழுதுறதுதானே. ஆபீஸ்காரனுக்கு மனசு இளகணும்."

"தாழ்மை எத்தனை இடத்துல வருது?"

அண்ணாச்சி எண்ணினார். "அஞ்சு."

"எனக்கு நடுமுதுகு வலி. அஞ்சு தடவை குனிய முடியாது."

உலகம்மை எட்டி கௌசல்யாவின் கழுத்தில் இருந்த பாஸைத் திருப்பினாள். "இஞ்ச பாருங்க, ரெண்டாவது நிபந்தனை. துணையா வரவளுக்கு வார்டில சொல்லுற பாஷை நல்லாத் தெரியணும். தெரியாதுன்னு எழுதிக் கொடுத்தா அதுக்கே ரத்து பண்ணிடுவான். நாலுல இருந்து தப்பிச்சு ரெண்டுல மாட்டுறதா?"

அண்ணாச்சி பாஸை வாங்கித் தானும் பார்த்தார். பிறகு முதல் நகலை நான்காக மடித்து இழுப்பறையில் வைத்தார். எழுதிய காகிதத்தைக் கிழிக்கும் பழக்கம் அவருக்குக் கிடையாது.

படிக்கட்டிலிருந்து வெங்கிடேஷ் ஒரு தும்மல் தும்மிவிட்டுச் சொன்னான். "நான் ஒண்ணு சொல்லட்டுமா? குழந்தை தானாவே பொறந்துடுத்துன்னு எழுதிட்டா என்ன? யாரும் பிரசவம் பாக்கலை. யாரும் எடுக்கலை. வந்துது. அவ்வளவுதான்."

"பாத்தியா, பிராமணன் மூளை" என்றாள் உலகம்மை.

அண்ணாச்சி முகம் மலர்ந்தது. "'பிரசவம் நிகழ்ந்தது.' செயப்பாட்டு வினை மாதிரி ஒரு நடை. யாரு செஞ்சான்னே வராது. முப்பத்தொரு வருஷம் நான் எழுதின குறிப்பில ஒருத்தன் ஒண்ணு செஞ்சதாக் காட்ட முடியாது. ஃபைல் தொலைந்தது. சுவர் இடிந்தது. பிரசவம் நிகழ்ந்தது."

கௌசல்யாவுக்கு அது கொஞ்சம் பிடித்திருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். அவளும் வாழ்க்கை முழுக்க அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். பிள்ளையை நான் பெறவில்லை, பெத்தவள் பெற்றாள். கீழே விழாமல் பிடித்தது மட்டும்தான் நான். ஒரு நிமிஷம் தலையை ஆட்டக்கூடச் செய்தாள். பிறகு மீரா வீட்டு முன்னறை நினைவுக்கு வந்தது.

பொங்காலை அன்று காலை. சந்து முழுக்க மூன்று மூன்று செங்கல்லாக அடுப்பு. கால் வைக்க இடமில்லை. கொல்லத்திலிருந்து வந்த பெண்கள் வீட்டு வாசல்வரை அடுப்பு போட்டிருந்தார்கள். மீராவுக்கு விடியற்காலையே வலி. பொங்காலை இட்டுவிட்டுச் சொல்லலாம் என்று வாயைக் கட்டிக்கொண்டு இருந்துவிட்டாள். அடுப்பில் தீ வைக்கக் குனிந்தவள் குனிந்தபடியே நின்றாள். காலடியில் தண்ணீர். வெங்கிடேஷ் பெரிய ரோடு வரைக்கும் அடுப்பு தாண்டித் தாண்டி ஓடிப்போய், வண்டி வராது என்று சொல்ல ஓடிவந்து, சொல்லிவிட்டு, மனைவியைப் பார்த்துவிட்டு, செங்கல்லுக்கு நடுவில் மயங்கி விழுந்தான். கொல்லத்துப் பெண்களில் இரண்டு பேர் அவனை இழுத்துப்போட்டார்கள். நாலு பேர் மீராவை முன்னறைக்குத் தூக்கினார்கள். கௌசல்யா காதுக்கும் தோளுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு பொங்காலைக்காகச் சுகாதார ஆபீஸ் போட்டிருந்த உதவி மேசைக்குக் கூப்பிட்டாள். இருபது நிமிஷத்தில் தலை தெரிந்தது. கழுத்தில் கொடி சுற்றியிருந்தது. ஒரு சுற்று. விரலை உள்ளே விட்டு, வழுக்கும் அந்தக் கயிற்றை மெதுவாகத் தளர்த்தித் தலைக்கு மேலாக எடுத்துவிட்டாள். அந்த நேரத்தில் கேலி பேச அவள் வாயில் ஒரு சொல் இல்லை. பிள்ளை அழுதபிறகுதான் அவளுக்கு மூச்சே வந்தது. பகல் மூன்று மணிக்கு வழி திறந்ததும் தாயையும் பிள்ளையையும் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் ஒப்படைத்துவிட்டுத்தான் அவள் காலை இட்லியைத் தின்றாள்.

"தம்பி," என்றாள் வெங்கிடேஷைப் பார்த்து. "உன் பிள்ளை கழுத்துல சுத்தின கொடியும் தானா அவிழ்ந்துக்கிட்டுதுன்னு எழுதலாமா?"

அவன் மூக்கைத் துடைத்துக்கொண்டான்.

"தானா நடந்துதுன்னு நான் கையெழுத்துப் போட்டா, அடுத்த பொங்காலைக்கு ஒருத்தி விழுவா. அதுவும் தானா நடக்கும்னு விட்டுருவான். வேண்டாம் அண்ணாச்சி. நடந்ததை எழுதுங்க. பாத்தேன். பிடிச்சேன். போன் பண்ணிச் சொன்னேன்."

"சொன்னதுக்கு என்ன ஆதாரம்?" அண்ணாச்சி நோட்டீஸோடு வைத்திருந்த இணைப்பை எடுத்தார். அது உதவி மேசைப் பதிவேட்டின் நகல். "பத்து நாப்பத்தொண்ணு. ஆரியசாலை. என்ன எழுதியிருக்கான் தெரியுமா? 'குட்டிக்குப் பனி. பொங்காலைக் குடம் உடைந்தது. ஒரு வாலண்டியர் மூலம் பனி மருந்தும் புதிய கலமும் கொடுத்தனுப்பப்பட்டது. பரிகரிக்கப்பட்டது.' பிள்ளைக்குக் காய்ச்சல்னும் பானை உடைஞ்சுதுன்னும் இருக்கு. பிரசவம்னு ஒரு எழுத்து இல்லை."

அது உண்மைதான். அன்று பிள்ளை பிறந்து கால் மணி நேரம் கழித்து, மஞ்சள் தொப்பி போட்ட ஒரு வாலண்டியர் புதுப் பானையும் சிறுபிள்ளைகளுக்கான காய்ச்சல் சிரப்பும் ஏந்திக்கொண்டு வந்து, பனியுள்ள குட்டி எங்கே என்று கேட்டார். 'இப்பத்தான் வந்திருக்கான், பனி வர இன்னும் நாளாகும்' என்று கௌசல்யா சொன்னாள். சிரப்பை மயக்கம் தெளிந்த வெங்கிடேஷுக்கு யாரோ இரண்டு மூடி ஊற்றினார்கள். பானையில் நஞ்சுக்கொடியைப் போட்டு மூடினார்கள். அரசாங்கப் பானை, நல்ல கனம்.

அவர்கள் ஏன் பானை அனுப்பினார்கள் என்று அன்று யாருக்கும் யோசிக்க நேரமில்லை. இன்று அண்ணாச்சி வாசித்தபோதும் புரியவில்லை.

அப்போது ஷாஜியின் போன் அடித்தது. அவன் எடுத்து, யாரோ சொன்னதைப் பாதி கேட்டு, ஆளை அனுப்புவதாக, "சரி சேச்சி, ஆளெ விடாம்" என்று சொல்லி வைத்துவிட்டான்.

கௌசல்யா மூட்டையிலிருந்து இறங்கினாள்.

"ஷாஜீ."

"எந்தா சேச்சி?"

"இன்னொரு தடவை சொல்லு."

"எந்து?"

"இப்பச் சொன்னியே. ஆளெ விடாம்."

அவன் திரும்பச் சொல்ல வேண்டிய தேவை இல்லை. கழுத்திலிருந்து காதுவரை சிவந்து, நெற்றியில் வேர்த்துவிட்டது.

"அன்னைக்குப் போன்ல கேட்டதும் இதே குரல், இதே சொல்லு. நீதானேடே போனை எடுத்தது?"

"சேச்சி, ஒரே சமயம் அஞ்சு போன் ஒந்நிச்சு அடிக்குந்நு…"

"நான் என்ன சொன்னேன்? சொல்லு. எனக்கு என்ன சொன்னேன்னு தெரியும். நீ என்ன கேட்டே?"

ஷாஜி போனைப் பைக்குள் போட்டான். "சேச்சி பறஞ்ஞு… 'பனிக்குடம் உடைஞ்சாச்சு, பிள்ளை வருது.' ஞான் கேட்டது, பனி. குடம் உடஞ்ஞு. பிள்ள."

முதலில் உலகம்மைக்குப் புரிந்தது. வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு குலுங்கினாள். தமிழ்ப் பனி குளிரும். மலையாளப் பனி கொதிக்கும். அந்த வித்தியாசத்தோடு ஆரியசாலையில் எல்லோரும் பிறந்ததிலிருந்து குடித்தனம் நடத்துகிறார்கள். வயிற்றுக்குள் இருக்கும் குடம் உடைந்ததை, பொங்காலை அன்று, ஒரு மலையாளி காதில் போட்டால் காய்ச்சலும் பானையுமாகத்தான் விழும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

"பனி குடம்!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள் உலகம்மை. "சுக்குக் காப்பி அனுப்பாம விட்டானே!"

"சிரிக்காதீங்க, எனக்கு முட்டுது" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள் ஸ்ரீப்ரியா.

அண்ணாச்சி மட்டும் சிரிக்கவில்லை. "அப்போ தப்பு உன்னோடதுதான். மலையாளத்துல சொல்லியிருக்கணும்."

"மலையாளத்துல என்ன சொல்லணும் அண்ணாச்சி?"

"என்னவோ சொல்லுவாகளே…" அவருக்கு அந்தச் சொல் வாயில் வர மறுத்தது. கூச்சம் ஒரு பக்கம்.

"'வெள்ளம் போயி'ன்னு சொல்லுவாங்க, தண்ணி போச்சுன்னு. பொங்காலை அன்னைக்கு வெள்ளம் போயின்னு போன் பண்ணியிருந்தா இவன் என்ன அனுப்பியிருப்பான்? கேளுங்க."

எல்லோரும் ஷாஜியைப் பார்த்தார்கள்.

"டேங்கர்" என்றான் ஷாஜி.

இந்த முறை அண்ணாச்சிக்கும் தாங்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார்.

சிரிப்பு அடங்கியதும் ஷாஜி எழுந்து நின்றான். அந்த நோட்டீஸை ஆறு நாளாகத் தன் பைக்குள்தான் வைத்திருந்ததாகச் சொன்னான். கொடுத்தால் பதில் வரும், பதிலில் தன் பெயர் வரும். கான்ட்ராக்ட் வேலை, ஏப்ரலில் புதுப்பிக்க வேண்டும். "சேச்சி, என்றெ பேரு எழுதருதே" என்று பெயர் போட வேண்டாமெனக் கெஞ்சினான்.

"எழுதுங்க அண்ணாச்சி, கொட்டை எழுத்துல எழுதுங்க" என்றாள் உலகம்மை.

"ஆமா, எழுதுங்க" என்றாள் ஸ்ரீப்ரியா. அவள் முகத்தில் இப்போது சிரிப்பு இல்லை. "இவருக்கு இந்த வேலை போனா வேற வேலை கிடைக்கும். எனக்கு அடுத்த வாரத்துக்குள்ள வேற வயிறு கிடைக்குமா?"

கௌசல்யா மனசுக்குள் கணக்குப் போட்டாள். இவனை மாட்டிவிட்டால் பாஸ் தங்கும். ஆனால் அடுத்த வருஷம் அந்த மேசையில் இவனைப் போல இன்னொருத்தன் உட்காருவான். அவன் காதிலும் பனி பனிதான். அவள் ஷாஜியின் பக்கத்தில் போய் நின்றாள். பிரசவ அறையில் அட்டெண்டரைப் பார்க்கும் பார்வையைப் பார்க்கவில்லை. வலிக்காரியிடம் கேட்பதுபோலக் கேட்டாள்.

"போன் வந்தா நீ என்ன செய்வே? ஒண்ணு விடாம சொல்லு."

"ஒரு ஃபாரம் உண்டு சேச்சி. ஆறு கோளம். பனி, பொள்ளல், மயக்கம், காணாதெ போன குட்டி, வெள்ளம், கலம். எந்தெங்கிலும் ஒந்நில் டிக் இடணும்."

ஆறு கட்டம்: காய்ச்சல், தீப்புண், மயக்கம், காணாமல் போன பிள்ளை, தண்ணீர், பானை; ஏதாவது ஒன்றில் டிக் போட்டாக வேண்டும். அண்ணாச்சி விரலை மடக்கி எண்ணினார். "ஏன்டே, பிரசவத்துக்குக் கட்டம்?"

"இல்ல."

"லட்சக்கணக்குல பொம்பளைங்க கூடுற அன்னைக்கு," என்றாள் கௌசல்யா நிதானமாக, "பானைக்குக் கட்டம் இருக்கு. பிரசவத்துக்குக் கட்டம் இல்லை. இந்த ஃபாரத்தைப் போட்டவனைப் பெத்தவ எந்தக் கட்டத்துல டிக் போட்டுப் பெத்தாளோ."

அண்ணாச்சி பேனாவை எடுத்தார். பென்சிலை அல்ல, பேனாவை. முப்பத்தொரு வருஷத்தில் அவருக்கு ஃபாரத்தின் மேலேயே குற்றம் சொல்லி ஒரு கடிதம் எழுதும் வாய்ப்பு வந்ததில்லை.

"பொருள் என்ன போடட்டும்?"

"பனிக்குடம் உடைந்தது தொடர்பாக" என்றாள் கௌசல்யா.

எழுதப் போனவர் நிறுத்தினார். மலையாள எழுத்தில் எழுதினால் அங்கேயும் காய்ச்சல் பானை என்றுதான் வாசிப்பார்கள். யோசித்துவிட்டு, மலையாள வரிக்கு நடுவில் அந்த ஒரு சொல்லை மட்டும் தமிழில், உருட்டி, அடிக்கோடிட்டு எழுதினார். பக்கத்தில் 'கர்ப்பப்பையின் நீர்க்குடம். கலம் அல்ல' என்று மலையாளத்தில் விளக்கம். அதை எழுதும்போது காது மடல் சிவந்தது, ஆனால் எழுதினார்.

நாலே பத்தி. ஒன்று: பத்து நாற்பத்தொன்றுக்கு உதவி மேசைக்குத் தகவல் சொல்லப்பட்டது, முப்பத்தெட்டு வினாடி பேசியதற்குக் கௌசல்யாவின் போனே சாட்சி. இரண்டு: சொன்ன சொல் இது, மேசையில் கேட்டது இது, அனுப்பப்பட்டது இது; கேட்டவரின் குற்றமல்ல, அவர் கையில் இருந்த ஃபாரத்தில் பிரசவத்துக்கு இடமில்லை. மூன்று: அடுத்த பொங்காலைக்கு ஏழாவது கட்டம் ஒன்று வேண்டும், அந்த மேசையில் இரண்டு பாஷையும் வயிறும் தெரிந்த ஒருத்தியை எங்கள் கமிட்டியே உட்கார வைக்கும், நாற்காலி மட்டும் போட்டால் போதும். நான்கு: வரும் வாரம் ஸ்ரீப்ரியா என்பவர் பிரசவத்துக்கு வருகிறார், கூட நான் வருகிறேன், வாசலில் சொல்லிவைக்கவும்.

"'சொல்லிவைக்கவும்'னு போட்டா உத்தரவு மாதிரி இருக்கே. 'சொல்லிவைக்குமாறு தாழ்மையுடன்…'"

"அண்ணாச்சீ."

"சரி, சரி. இருக்கட்டும்."

"கொடியைப் பத்தி ஒரு வரி சேருங்க," என்றான் வெங்கிடேஷ். அவன் எப்போது உள்ளே வந்தான் என்று யாருக்கும் தெரியவில்லை. மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. "கழுத்துல சுத்திண்டிருந்துது, அவர் எடுத்துவிட்டார்னு. தகப்பன்னு போட்டு நான் கையெழுத்துப் போடறேன்."

"நீதான் மயங்கிக் கிடந்தியே?" என்றார் அண்ணாச்சி.

"மீரா சொன்னா. அவ பாத்துண்டுதானே இருந்தா."

அந்த வரியும் சேர்ந்தது. கௌசல்யா கையெழுத்துப் போட்டாள். எண்ணெய் ஊறிய விரல். காகிதத்தின் ஓரத்தில் பெருவிரல் அளவுக்கு ஒரு கறை. அண்ணாச்சி அதை ஒற்றுத்தாளால் ஒற்றி ஒற்றிப் பார்த்தார், போகவில்லை. வெங்கிடேஷ் கையெழுத்துப் போட்டான். தலைவி என்ற முறையில் உலகம்மை போட்டாள்.

இன்னும் இரண்டு விரற்கடை இடம் மிச்சமிருந்தது. கௌசல்யா பேனாவை ஷாஜியிடம் நீட்டினாள். எழுது என்று வற்புறுத்தவில்லை.

அவன் பேனாவைப் பார்த்தான். பிறகு ஸ்ரீப்ரியாவைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்காமல் தன் வயிற்றின் ஒரு பக்கத்தை அமுக்கிக்கொண்டிருந்தாள். உள்ளே யாரோ காலை நீட்டிக்கொண்டிருந்தார்கள்.

"ஞான் எழுதியால்… ஏப்ரலில்…" என்று ஆரம்பித்து, முடிக்காமல், நின்றபடியே மேசை மேல் குனிந்து மலையாளத்தில் எழுதினான். 'மேற்படி போனை எடுத்தது நான். மேலே இரண்டாம் பத்தியில் உள்ளது நான் கேட்டதுதான். ஃபாரத்தில் வேறு கட்டம் இல்லை.' கீழே பெயர், தேதி, நேரம்: நாலு பதினெட்டு.

"நேரம்கூடப் போட்டிருக்கானே. நல்ல பையன்" என்றார் அண்ணாச்சி.

பிறகு வழக்கமான சடங்குகள். நகல் ஒன்று ஃபைலுக்கு. கடிதம் மூன்றாக மடிப்பு, விளிம்பு விளிம்போடு சேர்ந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்து ஒரு பார்வை. உறையின் மேல் விலாசம், இடது மூலையில் 'மிக அவசரம்' என்று எழுதப்போனவர் கையை நிறுத்திக்கொண்டார். மலையாளத்தில் அவசரம் என்றால் வாய்ப்பு. மிகவும் வாய்ப்பு என்று எழுதி அனுப்பினால் என்ன அனுப்புவார்களோ. 'இன்றே' என்று மட்டும் எழுதினார்.

பசைக்குப்பியின் மூடி திறக்கவில்லை. கௌசல்யா வாங்கி, பிள்ளையின் தலையைப் பிடிப்பது போல ஒரு பிடி பிடித்துத் திருகித் திறந்தாள். அண்ணாச்சி உறையின் நாக்கில் பசையை மெல்லத் தடவி, மடக்கி, மேலே அளவுகோலை வைத்து அழுத்திக்கொண்டு மனசுக்குள் முப்பது எண்ணினார். இருபத்திரண்டில் உலகம்மை உறையைப் பிடுங்கினாள்.

"போதும். ஆபீஸ் மூடிருவான்."

ஷாஜி தபால் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டு உறையை வாங்கிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டான். வெங்கிடேஷ் சாட்சிக்காக அவன் பின்னாலேயே இறங்கினான். இரண்டு பேரும் ஒரே ஸ்கூட்டரில் ஏறுவது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. அண்ணாச்சி கம்பியில் முகத்தை வைத்துச் சந்து முழுக்கக் கேட்கும்படி கத்தினார்.

"கடிதம் வாங்கினதுக்கு இன்வர்ட் நம்பர் வாங்கணும்! சீல் தெளிவா விழலேன்னா மறுபடி வைக்கச் சொல்லு!"

ஸ்கூட்டர் வெங்காய லாரியைச் சுற்றிக்கொண்டு சாலைக் கடைத்தெருவுக்குள் போயிற்று.